ஊக்கப் பிரிவின் ஒரே விண்ணப்பதாரர்

போர்ட் பிளேரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைநேர வேலை தேடிக் கொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதன் முழுப் பெயர் 'மாணவர் ஓய்வுநேர உழைப்பு ஊக்கப் பிரிவு'. திறந்த நாளிலிருந்து அது ஆறு பேருக்கு வேலை கொடுத்திருந்தது. ஆறு பேரும் அந்த அலுவலகத்திலேயே வேலை பார்த்தார்கள். ஓர் அதிகாரி, ஒரு தலைமை எழுத்தர், ஒரு தட்டச்சர், இரண்டு பியூன்கள், இரவுக் காவலுக்கு ஒருவர். அங்கே திருடுவதற்கு என்ன இருந்தது என்று கேட்கக் கூடாது. காவலர் ஒருவர் இருந்தால் காக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்றுதான் அரசாங்கம் நினைக்கும்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. மாணவர்களின் ஓய்வுநேரம் மாலை என்பதால் அந்த அலுவலகமும் மாலையில்தான் முழு மூச்சாக இயங்கியது. பகலில் அதற்காக ஓய்வெடுத்துக்கொண்டது.

நீலாவதிக்கு அப்போது பதினான்கு வயது. அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா பன்னீர்செல்வம் ஃபீனிக்ஸ் பேயிலிருந்து மற்ற தீவுகளுக்குப் போகும் ஃபெர்ரியில் சுக்கான் பிடிக்கும் சுக்கானி. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் என்று போனால் எட்டு நாளோ பத்து நாளோ கழித்துத் திரும்புவார். ஒரு ராத்திரி வீட்டில் படுப்பார், விடிந்தால் மறுபடி கப்பல். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருந்த குவார்ட்டர்ஸில் நீலாவதி ஒருத்திதான். ராத்திரி படுக்க மட்டும் பக்கத்து வீட்டு ருக்கு அக்கா இடம் கொடுத்தாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

பள்ளி விட்டதிலிருந்து பாய் விரிக்கும்வரை உள்ள நேரம்தான் நீலாவதிக்குப் பெரும்பாடு. வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வீட்டில் வங்க மொழியில் திட்டுவார்கள், அடுத்த வீட்டில் தெலுங்கில், அதற்கடுத்த வீட்டில் மலையாளத்தில். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அவரவர் பாஷையில் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மைத் திட்ட ஓர் ஆள் இல்லையே என்று அவளுக்கு அழுகையே வரும்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் ஊக்கப் பிரிவைப் பற்றி அறிவித்தார். மாலையில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றார். மற்றப் பிள்ளைகளுக்கு மாலையில் விளையாட்டு இருந்தது, தம்பி தங்கை இருந்தார்கள், அடி வாங்க வேண்டியது பாக்கி இருந்தது. முழுப் பள்ளியிலும் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது.

அலுவலகத்தில் அவளை விசாரித்தவர் தலைமை எழுத்தர் திருநாவுக்கரசு.

"என்ன வேலை தெரியும்?"

"சமைப்பேன் சார். துவைப்பேன். தையல் கொஞ்சம் வரும்."

"அதெல்லாம் பொம்பளப் புள்ளைங்க வீட்டுல சும்மா செய்யுறது. வேலையில சேராது. சரி, எதுக்கு வேலை வேணும்?"

நீலாவதி தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "சாயங்காலம் வீட்டுல யாரும் இல்ல சார்."

திருநாவுக்கரசுக்கு இது சிக்கலாகப் போய்விட்டது. "மெயின்லாண்ட்லேருந்து மூணே மூணு காரணம்தான் குடுத்திருக்காங்க. வறுமை, திறமை, தேச நிர்மாணம். யாரும் இல்லங்கறது இதுல எதுலயும் வராதே." பேனாவைத் திறந்தார். "தேச நிர்மாணம்னு வச்சுக்குவமா?"

"சரி சார்."

"அச்சா. கப்பல் வரட்டும்."

கப்பல் வரட்டும் என்பது அங்கே எல்லாவற்றுக்கும் பதில். மதராஸிலிருந்து கப்பல் வருவதற்கு முன் சில நாட்கள் அலுவலகம் மெயின்லாண்டுக்கு எழுதும். கப்பல் வருகிற அன்று எல்லோரும் கப்பல் பார்க்கப் போய்விடுவார்கள். வந்தபின் சில நாட்கள், மெயின்லாண்ட் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பார்கள். நடுவில் மிச்சமிருக்கும் நாட்களில் வேலை நடந்திருக்கலாம். ஆனால் அப்போது தட்டச்சருக்கு உடம்பு சரியில்லாமல் போகும்.

விண்ணப்பதாரர் தினமும் நேரில் வர வேண்டும் என்று விதி இருந்தது. எந்த நிமிஷம் வேலை வரும் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் நீலாவதி பள்ளி விட்டதும் நேரே வந்து, விண்ணப்பதாரர்களுக்கென்று போட்டிருந்த நீளமான பெஞ்சின் ஒரு மூலையில் உட்காருவாள். திருநாவுக்கரசு எழுந்து நின்று அறை முழுவதும் கேட்கும்படி "நீலாவதி!" என்று கூப்பிடுவார்.

"இருக்கேன் சார்."

முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மாலையில் அவள் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது. அந்த ஒரு கூப்பாட்டுக்காகவே ஓட்டமும் நடையுமாக வந்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளோடு பேச மாட்டார்கள். வீட்டில் தனியாக இருப்பது ஒரு தினுசு, ஆறு பேர் நடுவில் தனியாக இருப்பது வேறு தினுசு. இரண்டாவதில் மற்றவர்கள் டீ உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

இரண்டாம் மாதம் அவளுக்குப் பயிற்சி ஆரம்பித்தது. வேலைக்கான பயிற்சி இல்லை, விண்ணப்பிப்பதற்கான பயிற்சி. கதவை எப்படித் தட்டுவது, அதிகாரி நிமிராவிட்டால் எவ்வளவு நேரம் நிற்பது, நிமிர்ந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று திருநாவுக்கரசு சொல்லிக் கொடுத்தார்.

"மூஞ்சில நம்பிக்கை இருக்கணும் நீலாவதி. ஆனா நாளைக்கே வேலை கிடைச்சிரும்ங்கற நம்பிக்கை கூடாது. எங்கள அவசரப்படுத்துற மாதிரி ஆயிரும்."

நீலாவதி அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குச் சுலபமாக வந்தது. அப்பா எப்போது வருவார் என்று கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் கேட்டுக் கேட்டுப் பழகியதாக இருக்கலாம்.

அதிகாரி ஜெகநாதன் வாரம் ஒரு தடவை அவளுக்கு உரை நிகழ்த்துவார். விண்ணப்பதாரர்களே என்று பன்மையில்தான் தொடங்குவார். "உழைப்பைப் போல மனுஷனுக்கு நல்லது வேற இல்ல. அதனாலதான் நான் எனக்குன்னு ஒண்ணும் வச்சுக்காம எல்லாத்தையும் மத்தவங்களுக்கே விட்டுக் குடுக்கறேன்." பெஞ்சின் மூலையிலிருந்து நீலாவதி கை தட்டுவாள். மற்ற ஐந்து பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவார்கள்.

வேலை உண்மையில் வந்தது ஒரு நாள். அலுவலகத்திலிருந்து வரவில்லை.

ஜங்லிகாட் பகுதியில் ஷரீபா என்று ஓர் அம்மாள் டீக்கடைகளுக்கும் கப்பலில் போகிறவர்களுக்கும் முறுக்குப் போட்டு விற்றாள். சாயங்காலமானால் நாலைந்து பெண்கள் அவள் வீட்டு முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து கையாலேயே முறுக்குச் சுற்றுவார்கள். கைக்கு மேல் வாய் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊக்கப் பிரிவுக்கு விடுமுறை என்பதால் நீலாவதி அந்தப் பக்கம் போய் வாசலில் நிற்பது வழக்கமாகியிருந்தது.

"யாரு புள்ள அது, வாரா வாரம் வந்து நிக்கிறது? முறுக்கு வேணுமா?" என்றாள் ஷரீபா.

"வேணாம் மாமி. சும்மா கேட்டுக்கிட்டு நின்னேன்."

"என்னத்தக் கேட்ட?"

"நீங்கள்லாம் பேசிக்கிறத."

ஷரீபா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "நின்னுக்கிட்டுக் கேட்டா காலு வலிக்கும். கையக் கழுவிட்டு வந்து உக்காரு."

அவள் சுற்றிய முதல் முறுக்கு கோணல்மாணலாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "மாவ இப்பிடியா பிடிக்கிறது? கையில உசுரு இருக்கா இல்லையா?" என்று ஷரீபா மண்டையில் தட்டினாள். நீலாவதி சந்தோஷத்தோடு அடுத்த முறுக்குக்கு மாவை எடுத்தாள். இருட்டியபின் ஷரீபா, "நாளையிலேருந்து பள்ளிக்கூடம் விட்டதும் வந்துரு. உனக்குக் கூலி உண்டு, வவுத்துக்கும் உண்டு" என்றாள்.

மறுநாள் இந்த நல்ல செய்தியைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஊக்கப் பிரிவுக்குப் போனதுதான் அவள் செய்த தவறு. வேலை தேடித் தருகிறவர்கள் வேலை கிடைத்ததைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துவிட்டாள். பதினான்கு வயதில் வேறெப்படி நினைப்பது?

அறையில் ஆறு முகங்களும் ஒரே நேரத்தில் வெளிறின. ஜெகநாதன் அவளை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

"திருநாவுக்கரசு, இந்தப் பொண்ணு போயிட்டா நம்மகிட்ட விண்ணப்பதாரர் எத்தனை பேர்?"

"யாரும் இல்ல சார்."

"யாரும் இல்லாத இடத்துல ஆறு பேருக்கு என்ன வேலைன்னு மெயின்லாண்ட்ல கேட்டா என்ன சொல்றது?" நீலாவதியின் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "ஆறு குடும்பம் அம்மா. நீ ஒருத்தி வேலைக்குப் போனா ஆறு பேருக்கு வேலை போயிரும். உனக்கு மனசு வருதா?"

"இல்ல சார். ஆனா அங்க..."

"உங்கப்பா அரசாங்க ஊழியர்தானே?" என்றார் திருநாவுக்கரசு மெதுவாக. "இங்க பதிஞ்ச பொண்ணு எங்க மூலமா இல்லாம வெளியில வேலைக்குப் போச்சுன்னா, அவருக்குத்தான் மெமோ வரும். நாங்க அனுப்ப மாட்டோம். அதுவா வரும்."

அப்பாவுக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது என்பதில் நீலாவதி உறுதியாக இருந்தாள். அப்பாவைத் தவிர அவளுக்கு யார் இருந்தார்கள்? ஷரீபா வீட்டுக்குப் போய், இனி வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று ஷரீபா கேட்டாள். தேச நிர்மாணம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் பேசாமல் வந்துவிட்டாள். அன்று வழியெல்லாம் அழுதாள்.

அடுத்த கப்பல் வந்தது. கப்பலில் எப்போதும் போல் பதினைந்து நாளைய செய்தித்தாள்கள் ஒரே கட்டாக வந்தன. ஊரில் மற்றவர்கள் கட்டைப் பிரித்ததும் கடைசித் தாளைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஜெகநாதன் அப்படிப்பட்ட ஒழுங்கற்றவர் இல்லை. பழைய தேதியிலிருந்து தொடங்கி ஒரு நாளைக்கு ஒரு தாள்தான் படிப்பார். நாளைய தாளை இன்று தொட மாட்டார். அவர் அறைக்குள் உலகம் எப்போதும் ஊரைவிட இரண்டு வாரம் பிந்தியே நடந்துகொண்டிருந்தது.

தாள்களைத் தேதிவாரியாக அடுக்கும் பொறுப்பை நீலாவதியிடம் கொடுத்திருந்தார்கள். அடியில் வைக்க வேண்டிய தாளில் ஊக்கப் பிரிவின் பெயரைப் பார்த்ததும் அவள் நின்றாள். நாடு முழுதும் உள்ள ஊக்கப் பிரிவுகளைச் சோதிக்க ஒரு கமிட்டி கிளம்பியிருக்கிறதாம். முதலில் அந்தமானாம்.

"சார், கமிட்டி வருதாம் சார். இதே கப்பல்ல."

ஜெகநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இப்ப மூணாந்தேதியில இருக்கேன். நீ பதினேழாந்தேதியப் பத்திப் பேசுற. அது அது வர்றப்ப பாத்துக்கலாம். எடுத்த இடத்துல வை."

அவர் நாலாந்தேதிக்குப் போவதற்குள் கமிட்டி கதவைத் தட்டிவிட்டது. தந்தியும் வந்துதான் இருந்தது. தந்தி பிரிக்கும் பியூன் கப்பல் பார்க்கப் போயிருந்தார்.

கமிட்டித் தலைவர் பருத்த மனிதர். மதராஸ்காரர். கடல் பயணத்தில் தலை சுற்றல் இன்னும் தீரவில்லை. பெஞ்சில் நீலாவதி பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து, "இதுவரைக்கும் எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் ஜெகநாதனைப் பார்த்தார்கள். காவலருக்கு வேலை நேரமில்லாவிட்டாலும் அவரும் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணு என்ன பண்ணுது?"

"விண்ணப்பதாரரா இருக்கா சார்" என்றார் ஜெகநாதன்.

"எப்பலேருந்து?"

"பள்ளிக்கூடம் தொறந்ததிலேருந்து சார். ஒரு நாள் லீவு போட்டதில்ல."

தலைவர் நீலாவதியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பயிற்சியில் கற்ற முகத்தை வைத்துக்கொண்டாள். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

"நேரத்துக்கு வருது, சொன்ன இடத்துல உக்காருது, எதுவும் கேக்கறதில்ல, மூடினதும் போயிருது. இது வேலை இல்லாம வேற என்ன? முப்பது வருஷமா சர்வீஸ்ல நான் இதைத்தானே செய்யறேன்? இந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சாச்சுய்யா! நூத்துக்கு நூறு வெற்றி. போட்டுக்குங்க."

"சார், எனக்கு என்ன வேலை சார்?" என்றாள் நீலாவதி. அவள் அந்த அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி அது. கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாளே விழா எடுத்தார்கள். பூ கிடைக்காததால் ஜிகினா மாலை. ஒலிபெருக்கியில் ஜெகநாதன், "வேலையின்மையை இந்தத் தீவிலிருந்து நாங்கள் ஒழித்துவிட்டோம். இருந்த ஒருவருக்கும் வேலை கிடைத்துவிட்டது" என்று பேசினார். கமிட்டித் தலைவர் நீலாவதியின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். ஜெட்டிவரை சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். தீவுக்குத் தீவு போகும் ஃபெர்ரிகள் அரிசி மூட்டையோடு அந்தச் சேதியையும் ஏற்றிக்கொண்டு போயின.

அதற்கடுத்த நாள் நீலாவதி வழக்கம் போல வந்து பெஞ்சில் உட்காரப் போனாள். திருநாவுக்கரசு பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அங்க உக்காராத! வேலை கிடைச்சவங்க விண்ணப்பதாரர் பெஞ்சுல உக்காரக் கூடாது."

"அந்த பெஞ்சுல உக்காருறதுதான சார் எனக்குக் கிடைச்ச வேலை?"

"ஆமா. கிடைச்சிருச்சுல்ல? இனிமே உக்கார முடியாது." அவர் முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "உன் இடம் காலியா கிடக்கும்னு கவலைப்படாத. அடுத்த கப்பல்ல மெயின்லாண்ட்லேருந்து ஒரு விண்ணப்பதாரரை அனுப்புறாங்க. ரொம்ப அனுபவம் உள்ளவராம்."

"ஒரு தடவை பேரு மட்டும் கூப்பிடுறீங்களா சார்? போயிடறேன்."

அதற்கு விதியில் இடமில்லை என்றார் திருநாவுக்கரசு.

அவள் ஜங்லிகாட்டுக்கு நடந்தாள். முற்றத்தில் அதே வட்டம். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆசியா என்று ஒரு பெண் உட்கார்ந்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோணல்மாணலாகத்தான் வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா புள்ள, வா! கவுர்மெண்ட்டு வேலை கிடைச்சிருச்சாமே! அல்லா உன்ன நல்லா வச்சிருக்கட்டும்" என்று ஷரீபா மனதார வாழ்த்தினாள். "உனக்கு இனிமே இந்த மாவு வேலை எதுக்கு? அதான் காதர் மகளக் கூப்பிட்டு வச்சுக்கிட்டேன்." ஒரு பொட்டலம் முறுக்கைக் கையில் திணித்தாள். இனிப்பு வாங்கிக்கொண்டு வராமல் வெறுங்கையோடு வந்துவிட்டாளே என்று ஒருத்தி கேலி செய்தாள். நீலாவதியும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

இப்போது அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆபீஸில் வேலை கிடைத்தது என்பது பொய் என்று அவரை ஷரீபாவிடம் வந்து சொல்லச் சொல்ல வேண்டும். மெமோ வந்தால் வரட்டும் என்று அப்பா சொல்லிவிட்டால் போதும். சனிக்கிழமை ஃபெர்ரி வருகிறது என்று கேள்விப்பட்டு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் போய் நின்றாள்.

பன்னீர்செல்வம் பலகை போடுவதற்கு முன்பே குதித்து வந்தார். கையில் புதுக் குடை ஒன்று இருந்தது.

"மாயாபந்தர்ல கேள்விப்பட்டேன் தாயி! கப்பல்ல அத்தன பேரும் எங்கிட்ட வந்து கையக் குடுத்தாங்க. இந்தா, ஆபீஸ் போறப்ப மழையில நனையாமப் போ."

"அப்பா..."

"இரு, இரு. நான் சொல்லிடறேன். தொறமுகத்துக்குள்ளயே ஓடுற ஹார்பர் லாஞ்சுல ஓட்டுறதுக்கு ஒரு எடம் வந்துச்சு. காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். நீ ஒத்தையில கெடக்கிறியேன்னு நான்தான் ரொம்ப நாளாக் கெஞ்சிக் கேட்டு வச்சிருந்தேன். இப்பதான் எம்மவளுக்குச் சாயங்காலம் நாலு பேரு இருக்காங்களே! நம்ம குழந்தைவேலுவுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டேன். பச்சப் புள்ளைக்காரன்."

"சொல்லிட்டீங்களாப்பா?"

"அன்னைக்கே கேப்டன் வயர்லெஸ்ல சொல்லி முடிச்சிட்டாரு. அவன் வேலையிலயும் சேந்துட்டான். என்னய நிக்கோபார் லைன்ல போட்டுட்டாங்க. ட்ரிப்பு கொஞ்சம் நீளம்தான். அந்தா, அந்தக் கப்பலு. இன்னும் செத்த நேரத்துல கெளம்புது." அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "அங்க உங்கூட நல்லாப் பேசிக்கிறாங்களா?"

அம்மா போனதற்குப் பிறகு அப்பாவின் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை நீலாவதி பார்த்ததில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டாள்.

"நல்லாப் பேசுவாங்கப்பா. ஆறு பேரு இருக்காங்க."

"அப்பறம் என்ன! ஜல்தி கெளம்பு, நேரத்துக்குப் போ. எம்மவ லேட்டா வந்தான்னு ஒரு பய சொல்லக் கூடாது."

அவர் அந்தக் கப்பலில் ஏறி மேல்தளத்தில் நின்று கையை ஆட்டினார். போ, போ என்று ஆபீஸ் இருக்கும் திசையைக் காட்டினார். சங்கு ஊதியது. நீலாவதி குடையை விரித்துக்கொண்டு அந்தத் திசையில் நடந்தாள். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பல் முனையைச் சுற்றி மறையும்வரை, நேரமாகிவிட்டவளைப் போல வேகவேகமாக நடந்தாள். அதற்குப் பிறகு வேகமாக நடக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.